முட்டை அடியில் போய்விட்டால் என்ன செய்வது? ஆரம்பப் பிரிவு விஞ்ஞானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கற்பித்தற் பயிற்சிக்குப் போகும் ஆசிரிய பயிலுநர் ஒருவர், மிதத்தல், அமிழ்தல் பாடத்துக்காக உப்புவெளியில் ஒரு போத்தல் கடல்நீர் அள்ளிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உப்புநீரில் முட்டை மிதக்கும் என்று படித்தவர். பிள்ளைகள் சுற்றி நிற்க முட்டையை விடுகிறார். அது நேரே அடியில் போய்க் கிடக்கிறது.

"மிதந்திருக்க வேணும். மிதக்கும் எண்டே கொப்பியில எழுதுங்கோ."

இதுதான் பெரிய தவறு. விஞ்ஞானம் என்றால் சரியான விடை, அது ஆசிரியர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அந்த வரியில் வெளிப்படுகிறது. 13 வருடம் குறிப்பெழுதிப் படித்தவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் கண்டதை விட்டுச் சொன்னதை எழுதப் பிள்ளை அன்றைக்கே பழகிவிடும்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் உண்டு. புது முட்டை மிதக்க அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். 300 மில்லிலீற்றர் குழாய்நீரில் முட்டையை இட்டு, அரை மேசைக்கரண்டியாக உப்பைச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் போடுமுன் "இப்ப எழும்புமா?" என்று கேட்டு எழுதவிடுங்கள். உப்பு முழுதும் கரையும்வரை கலக்குங்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் முட்டை மெல்ல எழும்பும். பழைய முட்டை வேண்டாம். அதன் காற்றறை பெருத்திருப்பதால் குறைந்த உப்பிலேயே மிதந்து கணக்கைக் குழப்பும்.

கேள்வி கேட்டதும் தானே விடை சொல்வது அடுத்த தவறு. மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளும்.

"எனக்கு விஞ்ஞானம் வராது", "இந்தப் பிள்ளைகளுக்கு விளங்காது" இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவும் கூடாது. 1990இல் எனொக்ஸ், ரிக்ஸ் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் ஆசிரிய பயிலுநர்களுக்கென அமைத்த 23 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இவற்றைத் தனித்தனியாகவே அளக்கிறது. முதலாவது நம்பிக்கை உள்ளவர் செய்முறையைத் தவிர்த்துப் புத்தகத்தை வாசிப்பார். அவர் வீட்டில் இரண்டு தரம் செய்துபார்க்க வேண்டும். இரண்டாவது உள்ளவர் எல்லாவற்றையும் தானே செய்துகாட்டுவார். அவர் கரண்டியைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்.

திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போனால், ஊற்றை இராவணன் உண்டாக்கினான் என்று கதை சொல்லும் பிள்ளையை அதட்டவும் வேண்டாம், கதையையே காரணமாக்கவும் வேண்டாம். ஏழு கிணறுகளிலும் வெப்பநிலையை அளந்து ஒப்பிடவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையோடு நின்றுவிடும். 0 முதல் 100 வரை காட்டும் ஆய்வுகூட வெப்பமானியையே கொண்டு போங்கள்.