நியர் மிஸ் ரிப்போர்ட்: ‘கவனக்குறைவு’க்குப் பதில் என்ன எழுதுவது?

ரசாயன ஆலைகளில் நியர் மிஸ் (விபத்தாகாமல் மயிரிழையில் தப்பிய சம்பவம்) ரிப்போர்ட்டைப் புரட்டினால், காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘கவனக்குறைவு’ என்றுதான் இருக்கும். அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. மனிதத் தவறுகளுக்கு உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-ல் வகுத்துக் கொடுத்த ஸ்லிப், லாப்ஸ், மிஸ்டேக், வயலேஷன் என்ற நான்கு வகைகளே சின்னச் சம்பவங்களுக்குப் போதும்.

படி 1. நடந்ததைச் செயல் செயலாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு செயலுக்கு ஒரு வரி.

படி 2. அந்த நொடியில் அவர் என்ன செய்ய நினைத்தார் என்று கண்டுபிடியுங்கள். எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

ஏ பம்பைப் பழுதுபார்க்கும் வேலைக்கு எடுக்க வேண்டும். ஆபரேட்டர், ஓடிக்கொண்டிருந்த பி பம்புக்குத் திரவம் வரும் சக்‌ஷன் வால்வை மூடுகிறார். பம்ப் கரகரவென்று சத்தம் போட, உடனே திறந்துவிடுகிறார். சேதம் இல்லை. சரி, இது எந்த வகை?

ஏ-வை மூட நினைத்தே கை பி-க்குப் போயிருந்தால் ஸ்லிப். வேலை பி-யில்தான் என்று நம்பி மூடியிருந்தால் மிஸ்டேக். நடுவில் வாக்கி டாக்கியில் யாரோ கூப்பிட, வால்வின் அடையாள எண்ணான டேக் நம்பரைப் பார்க்க மறந்திருந்தால் அந்த வரி லாப்ஸ். பார்க்க வேண்டும் என்று தெரிந்தே விட்டிருந்தால் அந்த வரி வயலேஷன். வால்வை மூடியது அப்போதும் தனி வரிதான்.

“ஏன் இப்படிச் செய்தீங்க?” என்று கேட்டால் சமாளிப்புதான் வரும். “வால்வைத் தொடும்போது எந்த பம்ப்னு நினைச்சீங்க, அண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3. வகைக்கு ஏற்ற தீர்வு. ஸ்லிப்புக்கு மறுபயிற்சி வீண். இருபது வருட அனுபவசாலிக்கும் கை தவறும். பெயர்ப்பலகை, வண்ணம், ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் போல விரல் நீட்டி வாய்விட்டுச் சொல்வது, இவைதான் உதவும். பயிற்சியை மிஸ்டேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயலேஷன் என்றால், டேக் படிக்கிற நிலையில் இருக்கிறதா என்று முதலில் நேரில் போய்ப் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு எக்செல் தாள் போதும். ஹெச்ஃபாக்ஸ் என்ற விரிவான மனிதத் தவறு வகைப்பாட்டு முறை அமெரிக்கக் கடற்படை விமான விபத்துகளை ஆராய உருவானது. இதற்கு அது அதிகம். எதைப் பயன்படுத்தினாலும் பட்டியலில் ‘மற்றவை’யைத் தூக்கிவிடுங்கள். இருந்தால் எல்லோரும் அதைத்தான் அமுக்குவார்கள்.

பின்சேர்க்கை: அலாரத்தைப் படிக்காமலே ‘பார்த்துவிட்டேன்’ என்று பட்டனை அமுக்கி அக்னாலெட்ஜ் செய்வது எதில் சேரும் என்று கேட்டிருந்தார்கள். தெரிந்தே செய்தால் வயலேஷன்தான். ஆனால் மெமோ கொடுக்கும் முன் அலாரங்களை எண்ணிப் பாருங்கள். சராசரியாக ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்பது அலாரம் அமைப்புகளுக்கான வழிகாட்டி நூலான ஈ.ஈ.எம்.யூ.ஏ 191 தரும் அளவு. உங்கள் திரையில் நிமிடத்துக்கு நாலு வந்தால், யாரை உட்கார வைத்தாலும் அப்படித்தான் அமுக்குவார்.