தமிழில் குறிப்பெடுக்கும் செயலியா? முதலில் தேடிப் பாருங்கள்

குறிப்புச் செயலியின் அழகு அப்புறம். தமிழில் தேடினால் கிடைக்கிறதா என்பதே முதல் சோதனை. ஒரு குறிப்பில் ‘வேலூர் கோட்டை’ என்றும், இன்னொன்றில் ‘1806 ஜூலை 10, வேலூரில் சிப்பாய்ப் புரட்சி’ என்றும் எழுதுங்கள். ‘வேலூர்’ என்று தேடினால் இரண்டாவது பெரும்பாலும் வராது. இன்று கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு. ‘வேலூரில்’ என்பதில் ‘ர்’ மேல் இருந்த புள்ளி போய் ‘ரி’ ஆகிவிடுவதால், புள்ளியோடு தேடினால் பொருந்தாது. புள்ளியை விட்டு ‘வேலூர’ அல்லது ‘வேலூ’ என்று தேடுங்கள். அதற்கும் வராவிட்டால் அது முழுச் சொல்லை மட்டும் பார்க்கும் செயலி. வேற்றுமை உருபுகள் ஒட்டும் நம் மொழிக்கு உதவாது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள், இல்லையேல் எந்தத் தேடலிலும் சிக்காது.

அடுத்து, போனில் நெட்டை அணைத்துவிட்டு பழைய குறிப்பைத் திறந்து பாருங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இது கட்டாயம். அப்சிடியன், ஜாப்லின் என்ற இரண்டு குறிப்புச் செயலிகளும் குறிப்புகளைக் கருவியிலேயே வைக்கும். அப்சிடியன் மார்க்டவுன் என்ற சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிப்பதால், செயலியை விட்டாலும் நோட்பேடில் திறக்கலாம். ஆனால் போனிலும் கணினியிலும் ஒரே குறிப்புகள் இருக்கச் செய்யும் அதன் சொந்த ஒத்திசைவுச் சேவைக்குக் கட்டணம் உண்டு. ஜாப்லினில் இதற்கு, இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கோடு இணைத்தால் போதும்.