கொய்யாவைத் துளைப்பது யார்? டார்ச் எடுத்துப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் கொய்யாத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் மழைக்காலத்தில் கேட்பது இதுதான்: "அக்கா, பழத்துல ஊசி குத்தின மாதிரி ஓட்டை. என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்து அப்புறம். முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்.

மரத்தில் இருக்கும் பழத்தையே பறியுங்கள், விழுந்தது வேண்டாம். ஓட்டையைச் சுற்றி அமுக்கி, பிறகு அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. புழு இல்லாமல் சாறு கசிந்து, சதை மட்டும் பஞ்சாகிப் போயிருந்தால் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. மற்ற அந்துப்பூச்சிகளுக்கு இல்லாத கெட்டியான உறிஞ்சுகுழல் இதற்கு உண்டு, தோலையே துளைத்துவிடும். அந்த ஓட்டை வழியாகப் பூஞ்சை இறங்கிப் பழம் அழுகி விழும்.

இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு போங்கள். பழத்தில் உட்கார்ந்திருக்கும்போது கண்கள் மின்னும். இறக்கை விரித்தால் 8 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். முன் இறக்கை காய்ந்த சருகு நிறம், அதனால் பகலில் கண்ணில் படாது. இந்த அந்துப்பூச்சியில் இரண்டு வகையைச் சொல்கிறேன், பின் இறக்கையைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம் இரண்டுக்கும் பொது. நடுவில் வட்டமான கறுப்புப் பொட்டு இருந்தால் யூடோசிமா மேட்டர்னா. ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1767-இல் பெயர் வைத்தது. வளைந்த கறுப்புத் திட்டு இருந்தால் யூடோசிமா ஃபலோனியா. இரண்டும் ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா வரை உண்டு. ஃபலோனியா பசிபிக் தீவுகளுக்கும் போயிருக்கிறது. அங்கே அதன் புழு கல்யாண முருங்கை இலை தின்னும்.

நம் ஊரில் அதைத் தேட வேண்டிய இடம் வேலி. சீந்தில் கொடியில்தான் புழு வளரும். உடம்பின் இருபுறமும் கண் போன்ற வட்டங்கள் இருக்கும், தொட்டால் தலையை உள்ளே மடக்கும். என் மாமியார் காய்ச்சல் கஷாயத்துக்காகச் சீந்திலை வெட்டவே விடமாட்டார். அதனால் கிணற்றடியில் ஒரு கொடியை மட்டும் விட்டு, அதில் தெரியும் புழுக்களைப் பொறுக்கிவிடுகிறேன். தோட்டத்து வேலியில் இருப்பதை வேரோடு எடுத்துவிட்டேன். பூச்சி தூரத்திலிருந்தும் பறந்து வரும்தான், ஆனாலும் நம் வேலியிலேயே வளர்த்துவிட வேண்டாமே.

காய் பழுக்கத் தொடங்கும் முன்பே பை கட்டுங்கள். பழத்தோடு ஒட்டினால் பை வழியாகவே குத்தும், தளர்வாகக் கட்டுங்கள். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிக் குழியில் போட்டு மண் மூடிவிடுங்கள். அந்த வாசனைக்குத்தான் அடுத்த கூட்டம் வருகிறது.