ஆங்கிலக் கடிதத்தில் சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்வது எப்படி?

ஆங்கிலத்தில் கடிதமோ மின்னஞ்சலோ எழுத உட்காரும் முன், படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழிலேயே ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். கடிதத்தின் முதல் வாக்கியம் அதுவாகவே இருக்கட்டும். நம்மில் பலர் 'வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ் சப்ஜெக்ட், ஐ வுட் லைக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்' என்று தொடங்கி, கேட்க வந்ததைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்கிறோம். பணிவு என்று கருதி எழுதப்படும் இந்த முன்னுரையை, கடிதம் வங்கிக்கு என்றால், அங்குள்ள ஊழியர் படிக்காமலே தாண்டிவிடுவார்.

ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் 5,000 ரூபாய் கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடந்ததை எல்லாம் விவரித்துவிட்டு 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடித்தால், எதைச் செய்ய வேண்டும் என்பதை ஊழியரே ஊகிக்க வேண்டியிருக்கும். 'ப்ளீஸ் கிரெடிட் 5,000 ருபீஸ் டு மை அக்கவுண்ட். தி ஏடிஎம் டெபிட்டட் திஸ் அமவுண்ட் ஆன் 3 ஜூன் பட் கேவ் நோ கேஷ்' என்ற இரண்டு வாக்கியங்களில் கோரிக்கை, காரணம், தேதி மூன்றும் வந்துவிடுகின்றன. 'ப்ளீஸ்' என்ற ஒரு சொல்லே மரியாதைக்குப் போதும்.

அடுத்து வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'விசாரித்தார்' என்பதை 'விசாரணை மேற்கொண்டார்' என்று நீட்டும் செய்தித்தாள் தமிழின் பழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. 'கண்டக்டட் அன் இன்வெஸ்டிகேஷன்' என்பதற்கு 'இன்வெஸ்டிகேட்டட்', 'மேட் எ பேமென்ட்' என்பதற்கு 'பெய்ட்' என்று எழுதினால் வாக்கியம் சுருங்குவதோடு, யார் என்ன செய்தார் என்பதும் பளிச்சென்று தெரியும். யார் செய்தார் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் செயப்பாட்டு வினையை ('பேசிவ் வாய்ஸ்') அடியோடு விலக்கச் சொல்வது அரைகுறை அறிவுரை. திருடியவர் யாரென்று தெரியாதபோது 'மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்' என்பதுதான் இயல்பான ஆங்கிலம்.

எளிய ஆங்கிலத்துக்காக 1979 முதல் பிரிட்டனில் இயங்கும் பிளெயின் இங்கிலீஷ் கேம்பெய்ன், வாக்கியங்கள் சராசரியாக 15 முதல் 20 சொற்களுக்குள் இருக்கட்டும் என்கிறது. சராசரி என்பதால் எல்லா வாக்கியங்களையும் ஒரே அளவில் நறுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அரசு ஆவணங்கள் மக்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்று 2010-இல் சட்டமே இயற்றப்பட்டது.

இந்திய ஆங்கிலச் சொற்களைப் பொறுத்தவரை, படிப்பவர் யார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சென்னை அலுவலகத்துக்குள், குறித்த நேரத்தை முன்னதாக மாற்றுவதை 'ப்ரீபோன்' என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பதில் எழுதுங்கள் என்ற பொருளில் 'ரிவர்ட்' என்று லண்டனுக்கு எழுதினால், பழைய நிலைக்குத் திரும்புவதைச் சொல்வதாக அவர்கள் குழம்பக்கூடும். 'ரிப்ளை' எங்கும் புரியும். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் 'அபவுட்' எந்த ஊருக்கும் தேவையில்லை.

எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதற்கு மட்டும் விதி கிடையாது. காற்றுக்கு 'ஸ்ட்ராங்' பொருந்தும். மழைக்கு 'ஹெவி'தான் வழக்கு. ஐயம் வந்தால், ஒருபொருட்சொற்களை வரிசையாக அடுக்கித் தரும் தெசாரஸை விட்டுவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவை மொழி கற்போருக்காக இணையத்தில் இலவசமாகத் தரும் அகராதிகளில் அந்தச் சொல்லுக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள்.