ஜார்ஜ் கோட்டைப் பழைய பதிவேடுகளை வாசிப்பது எப்படி: தேதி, வராகன், சொல்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜார்ஜ் கோட்டை நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவும் 1672 முதலான ஆண்டுகளுக்கு அச்சிலேயே உண்டு. சென்னை அரசு அச்சகம் 1910 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அதனால் கையெழுத்துப் படிக்கும் தொல்லை பெரிதாக இல்லை. தடுமாற வைப்பவை மூன்று: தேதி, பணம், தெரிந்த சொல் போலத் தோன்றும் சொல்.

முதலில் ஆண்டைச் சரி செய்யுங்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான். ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளில், பதிவேட்டில் இருக்கும் ஆண்டோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் என்ன ஆகும்? உள்ளூர் ஆட்சியாளர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் கோட்டைக்கு இடம் கொடுத்த சாசனம் 1639 ஆகஸ்ட் மாதத்தது. கம்பெனி ஊழியர்கள் ஃபிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் குடியேற வந்து இறங்கியது, நம் கணக்கில், 1640 பிப்ரவரி 20. அன்றைய கணக்கில் அதுவும் 1639தான். அப்படியே வரிசைப்படுத்தினால், இடம் கிடைப்பதற்கு ஆறு மாதம் முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றாகிவிடும். சில எழுத்தர்கள் 1639/40 என்று இரண்டையும் போட்டுவிடுவார்கள், புண்ணியவான்கள். உங்கள் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்துக்கு வேலை தொடங்கிய 1678 மார்ச் 25க்கு இந்தச் சிக்கல் இல்லை; அது அந்த ஆண்டின் முதல் நாள்.

அடுத்தது நாள். ஆங்கிலேயர் பின்பற்றியது ஜூலியன் நாட்காட்டி. அது இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனைவிட 10 நாள் பின்தங்கியிருந்தது, 1700 மார்ச் முதல் 11 நாள். பழவேற்காட்டு டச்சுக்காரர்களும் சாந்தோம் போர்ச்சுக்கீசியரும் புதிய கணக்குக்கு ஏற்கனவே மாறிவிட்டவர்கள். பழவேற்காட்டில் மே 12 என்று தேதியிட்ட கடிதம் கோட்டைக்கு மே 3 அன்று வந்து சேர்ந்ததாக இருந்தால் எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். மறுநாளே வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலப் பதிவுகளை மட்டும் வைத்து எழுதும்போது நாளைத் தொட வேண்டாம், ஆண்டை மாற்றினால் போதும். கிழமை பார்க்கும்போது கவனம்: அதே தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. இன்றைய நாட்காட்டி நிரலில் அப்படியே கொடுத்தால் திங்கள் என்று வரும். 10 நாள் கூட்டி நவம்பர் 7 என்று கொடுங்கள், வியாழன் வரும், அதுதான் சரி.

பணக் கணக்கு மூன்று பத்தியாக இருக்கும்: வராகன் (தங்க நாணயம்), பணம், காசு. ஒரு காலகட்டத்தில் வழக்கமான விகிதம் 36 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். 125–18–40 என்றிருந்தால் அதைத் தசமமாகப் படிக்காதீர்கள். 18 பணம் அரை வராகன், 40 காசு அரைப் பணம். ஆகச் சுமார் 125.51 வராகன். வராகனுக்கு 8 ஷில்லிங் வைத்தால் ஏறத்தாழ 50 பவுண்டு 4 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஆனால் இந்த விகிதம் எல்லா ஆண்டுக்கும் ஒன்றல்ல. கையிலுள்ள தொகுதியில் ஒரு பட்டியலை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். பணப் பத்தியிலிருந்து எத்தனைக்கு ஒரு வராகன் மேலேறுகிறதோ அதுதான் அந்த எழுத்தரின் விகிதம். எடையிலும் இதே கதை. சென்னை மணங்கு 25 ராத்தல் (எடைப் பவுண்டு), 20 மணங்கு ஒரு கண்டி. வங்காளத்துக் கம்பெனி மணங்கோ சுமார் 75 ராத்தல்.

சொற்கள்தான் உண்மையான கண்ணி. ‘மலபார்’ மொழி என்றால் பெரும்பாலும் தமிழ். மலையாளம் என்று எழுதிவிட்டால் ஒரு பத்தியே கெட்டுவிடும். ‘ஜென்டூ’ என்பது தெலுங்கு. ‘ஃபேக்டரி’ என்றால் ஆலை அல்ல, பண்டகசாலை. அங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை, வணிக ஊழியர்கள் தங்கிச் சரக்கு வாங்கி வைத்தார்கள். ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்பது முதலீடு அல்ல. லண்டனுக்குக் கப்பலேற்ற வாங்கிய துணியும் பிற சரக்கும். ‘ரைட்டர்’ எழுத்தாளரல்ல, கடைநிலை ஊழியர். பின்னாளில் ஆளுநரான எலைஹு யேல் 1672இல் ஆண்டுக்கு 10 பவுண்டு சம்பளத்தில் அந்த வேலையில்தான் வந்தார்.

பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்: ‘டெக்னபட்டம்’ தேவனாம்பட்டினம், ‘கோனிமியர்’ கூனிமேடு, ‘காசா வெரோனா’ கம்பெனியின் தலைமை வணிகர் காசி வீரண்ணா. போர்ட்டோ நோவோவுக்கு மட்டும் காது உதவாது, அது பரங்கிப்பேட்டை. ஒரே பெயர் அடுத்தடுத்த பக்கங்களில் வேறு எழுத்தில் வரும். அதனால் பெயரடைவில் ஒரு வடிவத்தை மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். கிடைத்த வடிவங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தேடுங்கள்.