தெருவுக்காக மனு போடும் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். "எங்களோடு வந்துவிடுங்கள்" என்று ஒவ்வொரு லீவுக்கும் கூப்பிடுகிறார்கள். நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை விட்டுக் கிளம்ப மனம் வருவதில்லை. மருந்துக் கடைக்காரருக்கு நம் மாத்திரை தெரியும். காய்க்காரம்மா குரல் கேட்டே நேரம் சொல்லலாம். இப்படிச் சொந்த வீட்டிலேயே கடைசி வரை இருப்போம் என்று முடிவெடுத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். 2021-க்கான மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இந்த விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

வீட்டுக்குள் வழி இருக்கிறது. பாத்ரூமில் கைப்பிடி போடலாம், வழுக்காத டைல்ஸ் மாற்றலாம். வாசலைத் தாண்டினால் தெரு நம் கையில் இல்லை. ஒரு உடைந்த கல்லும் எரியாத ஒரு விளக்கும் போதும், ஆறு மணிக்கு மேல் ஒருவர் வெளியே வருவதையே நிறுத்திவிடுவார். அப்புறம் கோயில் நிற்கும், நண்பர் வீடு நிற்கும், நடை நிற்கும். அதனால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருச் சங்கத்தில் மனு எழுதும் வேலையை நான் சில வருடங்களாகப் பார்க்கிறேன். நாங்கள் செய்து கற்றுக்கொண்ட தவறுகளும், பக்கத்துத் தெருக்களில் பார்த்தவையும்தான் கீழே இருப்பவை. சென்னையை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் அலுவலகத்தின் பெயர் மாறலாம், முறை பெரிதாக மாறாது.

பொத்தாம்பொதுவாக எழுதுவது

"எங்கள் பகுதியில் நடைபாதைகள் மோசமாக உள்ளன. முதியோர் மிகவும் சிரமப்படுகிறோம். ஆவன செய்யும்படி வேண்டுகிறோம்." இப்படி ஒரு மனு வந்தால் உதவிப் பொறியாளர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு வேலைக்கு மதிப்பீடு போட வேண்டும். எந்த இடம், எத்தனை மீட்டர், என்ன வேலை என்று தெரியாமல் மதிப்பீடு போட முடியாது. மனு அப்படியே பழைய காகிதக் கட்டோடு போய்ச் சேரும்.

எங்கள் முதல் மனு நான்கு பக்கம். பதினேழு குறைகள் எழுதியிருந்தோம், கொசுவிலிருந்து கேபிள் ஒயர் வரை. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை தெருமுனையிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்குமான ஒரே வழியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூட்டு வலிக்காரர் ஒருவர், கைத்தடி வைத்து நடப்பவர் ஒருவர், நான், மூன்று பேரும் ஒரு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு காலையில் ஒரு முறையும், இருட்டிய பிறகு ஒரு முறையும் அதே வழியை நடந்தோம். எங்கே நின்றோமோ அங்கே ஒரு கோடு. எங்கே சாலையில் இறங்க வேண்டி வந்ததோ அங்கே ஒரு கோடு. கடைசியில் எட்டு இடங்கள் தேறின. ஒவ்வொன்றுக்கும் எதிர்வீட்டுக் கதவு எண், அளவு, ஒரு போட்டோ. மனு ஒரே பக்கம். அதை வாங்கிப் படித்த பொறியாளர் கேட்ட முதல் கேள்வியே, "மூணாவது இடத்துல ஸ்லாப் உடைஞ்சிருக்கா, இல்ல காணோமா?" என்பதுதான். பேச்சு வேலையைப் பற்றியதாக மாறிவிட்டது.

நம்மிடம் இருக்கும் பெரிய பலம் இது என்றே நான் நினைக்கிறேன். பைக்கில் போகிற இளைஞர் அந்தத் தெருவை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவார். அவருக்குத் தெரியாத ஒவ்வொரு மேடு பள்ளமும் நம் முழங்காலுக்குத் தெரியும். அந்த அறிவை அளவாக மாற்றிக் கொடுக்காமல் வருத்தமாக மட்டும் எழுதினால் அது வீணாகிறது.

அளக்கும்போது கூட வைத்துக்கொள்ளச் சில எண்கள். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதன் விளிம்பு சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. நம் ஊரில் ஒரு அடி உயரத்துக்குப் பிளாட்பாரம் கட்டியிருப்பார்கள். ஏற முடியாதவர் சாலையிலேயே நடக்கிறார், "பிளாட்பாரம் இருந்தும் ரோட்டுல போறாங்க" என்று பேச்சும் கேட்கிறார். "உயரம் அதிகம்" என்று எழுதுவதைவிட "31 சென்டிமீட்டர்" என்று எழுதுங்கள்.

சிக்னலும் அப்படியே. கடக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது நொடிக்கு 1.2 மீட்டர் நடை வேகத்தைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 14 மீட்டர் சாலைக்கு அது 12 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற ஒருவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். அவர் கடந்து முடிக்க ஐந்து நொடி இருக்கும்போதே வண்டிகள் உறும ஆரம்பித்துவிடும். மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து நாலு பேர் நடந்து பார்த்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் மறுக்க இடமில்லை.

தவறான கதவைத் தட்டுவது

அதிகம் பேர் மாதக்கணக்கில் அலைவது இதில்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மின்வாரியத்துக்குப் போன் போடுகிறோம். தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. அதன் புகார் எண் 1913-க்குச் சொல்ல வேண்டும், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு. வீட்டுக்குக் கரண்ட் போனாலோ, நடைபாதையில் பில்லர் பாக்ஸ் என்கிற மின் இணைப்புப் பெட்டி திறந்து கிடந்தாலோதான் மின்வாரியம். அதற்கு வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாள சாக்கடையும் அதன் மேன்ஹோல் மூடியும் சென்னையில் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை, 044-4567 4567. தெருவில் இரண்டு மூடியும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். எது எது என்று தெரியாமல் நாங்கள் ஒரு அமுங்கிய மூடிக்காக இரண்டு மாதம் தவறான அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தோம். சரியான இடத்தில் சொன்ன பிறகு அது சீக்கிரமே முடிந்தது. சிக்னல் நேரம் போக்குவரத்துக் காவல்துறையின் வேலை. பஸ் நிற்பது மாநகரப் போக்குவரத்துக் கழகம், நிழற்குடை மாநகராட்சி. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன.

ஒரே இடத்தில் இரண்டு துறை சம்பந்தப்பட்டால் இரண்டு தனி மனு கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். "அது அவங்க வேலை" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுவது அப்போது குறையும்.

கேட்டது கிடைத்தும் உதவாமல் போவது

"புது ரோடு போடுங்கள்" என்று கேட்போம். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுவிட்டுப் போனால் சாலை ஏறும், நம் வாசல் இறங்கும். வீட்டிலிருந்து தெருவுக்கு ஏறிப் போக வேண்டிய நிலை வரும், மழைத் தண்ணீர் வராந்தாவுக்கு வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மில்லிங் செய்து போட வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். வேலை ஆரம்பிக்கும் அன்று வாசலில் நின்று பாருங்கள். மேன்ஹோல் மூடிகளைப் புதுச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவரவும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பெஞ்சும் அப்படித்தான். சாய்வும் கைப்பிடியும் இல்லாத சிமெண்ட் பலகையில் உட்காரலாம், எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். கைப்பிடி, சாய்வு, மதியம் நிழல் விழும் இடம் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பூங்காவுக்குள் பத்து பெஞ்ச் போடுவதைவிட மார்க்கெட் போகிற வழியில் இரண்டு போட்டால் உபயோகம் அதிகம். கனத்த பையோடு ஒருவர் நின்று மூச்சு வாங்குவது அந்த வழியில்தான்.

கழிப்பறையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறோம், முக்கியமாகப் பெண்கள். வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற அம்மாக்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். மார்க்கெட் பக்கத்துப் பொதுக் கழிப்பறையில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், ஒரு கைப்பிடி, உள்ளே ஒரு விளக்கு. இதைச் சங்கக் கூட்டத்தில் பெண்களே எழுந்து சொல்ல வேண்டும், ஆண்கள் மனுவின் முதல் வரியிலேயே போட வேண்டும்.

வேகத்தடை மட்டும் யோசித்துக் கேளுங்கள். வெள்ளைக்கோடு இல்லாத ஒரு மேடு, ஆட்டோவில் போகிற நம் முதுகைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

நமக்கு மட்டும் என்று கேட்பது

"மூத்த குடிமக்களாகிய நாங்கள்" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிட்டால், படிப்பவர் மனதில் இது ஒரு சிலருடைய சலுகைக் கோரிக்கையாகப் பதிகிறது. நமக்கு வேண்டிய சாய்தளம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிற தாய்க்கும், தண்ணீர் கேன் போடுகிற பையனுக்கும், சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் வேண்டும். அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்களிடம் கேளுங்கள். இருட்டில் அந்தத் தெருவில் நடந்து பஸ் பிடிப்பது அவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடைபாதை என்றதும் சில சங்கங்கள் முதலில் எழுதுவது "கடைகளை அகற்றுங்கள்" என்றுதான். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. முனையில் கீரை விற்கிற அம்மா இருப்பதால்தான் நம்மால் யாரையும் எதிர்பார்க்காமல் சமைத்துச் சாப்பிட முடிகிறது. அவருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது, நினைத்த மாதிரி விரட்ட முடியாது. நேரில் பேசி, "இந்த அளவு நடக்க வழி விடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வியாபாரியைச் சொல்வதற்கு முன் நம் வாசலைப் பார்க்க வேண்டும். கார் ஏற்ற நாம் கட்டிய சரிவு நடைபாதையை வெட்டிக்கொண்டு தெரு வரை நீண்டிருக்கும். பூந்தொட்டி வரிசை இருக்கும். எங்கள் தெருவில் சங்க நிர்வாகிகள் வீடுகளின் சரிவைத்தான் முதலில் உடைத்துச் சுருக்கினோம். செலவு ஆனது, வீட்டில் முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் அதற்கு அப்புறம் எங்கள் மனுவைக் குறை சொல்ல யாராலும் முடியவில்லை.

வாய்வார்த்தையும் காலம் தவறுவதும்

கவுன்சிலர் நல்லவர், பார்த்தால் கும்பிடுவார், "செஞ்சுடலாம் சார்" என்பார். சரி, ஆனால் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்காத எதுவும் மனு இல்லை. பதிவு எண் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். 1100-க்குப் போன் செய்து, மாநில அரசின் குறைதீர்ப்புப் பிரிவான 'முதல்வரின் முகவரி'யில் பதியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், "இந்த எண்ணுள்ள மனு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். பணம் தேவைப்படுகிற வேலையை ஏப்ரலில் கேட்டால் "அடுத்த வருஷம்" என்ற பதில்தான் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள். பருவமழை மாதங்களில் சாலை வெட்டும் வேலை நடக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நகர்ப்புற வார்டுகளில் ஏரியா சபை என்று, அந்தப் பகுதி மக்கள் குறைகளைப் பேசும் கூட்டம் ஒன்று 2022 முதல் நடக்கிறது. பெரும்பாலான பெரியவர்கள் அதற்குப் போனதே இல்லை. நாம் பேசியது அங்கே தீர்மானமாகப் பதிவானால் தனி மனுவைவிட அதற்கு எடை அதிகம். தேதியைக் கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு, நடக்க முடிகிறவர்கள் சேர்ந்து போங்கள். கிராமத்தில் இருந்தால் கிராம சபை.

சட்டம் பேசும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தை மனுவில் எழுதுகிறார்கள். அது முக்கியமாகப் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்பதற்கானது, நடைபாதைக்கு உதவாது. பொது இடங்களைத் தடையில்லாமல் அமைக்கச் சொல்வது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதைக் குறிப்பிடுங்கள்.

எல்லாம் ஒருவர் கையில் இருப்பது

இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் விடக் கூடாது. எங்கள் சங்கத்தில் எல்லா மனுவையும் ஒரு சார்தான் பார்த்துக்கொண்டார். எந்த எண், எந்த அதிகாரி, எப்போது பேசினோம், எல்லாம் அவர் மனதில் இருந்தது. ஒரு நாள் பக்கவாதம் வந்து மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு வருடம் போனது.

நம் வயதில் இது யாருக்கும் நடக்கும். ஒப்புகைச் சீட்டுகள், போட்டோக்கள், போன் எண்கள், பேசிய தேதிகள் எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல் போட்டு, ஒரு நகல் வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். அறுபதுகளில் இருக்கிற இருவரையும், தெருவில் உள்ள இளம் வயதினர் ஒருவரையும் மண்டல அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் கூட்டிப் போங்கள். அதிகாரிக்கு அவர்கள் முகமும் பழக வேண்டும். எங்கள் ஃபைலில் பஸ் ஸ்டாப் வழியின் எட்டு இடங்களில் ஆறு முடிந்ததாகக் குறித்திருக்கிறோம். மீதி இரண்டுக்கான நகலை, எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் போன மாதம் வாங்கிக்கொண்டு போனார்.