கொண்டையை மட்டும் பார்த்தால் காடை குழப்பும்

கலிஃபோர்னியாக் காடையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் "தலையில ஒத்தை இறகு ஆடுது பாருங்க" என்பார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நெற்றிக்கு முன்னால் கவிழ்ந்து நிற்கும் அந்தக் கொண்டை ஆறு இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கொத்து. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு காற்புள்ளி மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது, கொண்டை இருந்தால் கலிஃபோர்னியாக் காடைதான் என்று முடிவு கட்டுவது. அரிசோனாப் பாலைவனத்தில் திரியும் காம்பெல் காடைக்கும் கிட்டத்தட்ட இதே கொண்டைதான். அதனால் தலையை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள். கலிஃபோர்னியாக் காடையின் வயிறு மீன் செதில் அடுக்கியது போல இருக்கும். ஆணுக்கு அதன் நடுவே செம்பழுப்புத் திட்டு ஒன்று. காம்பெல் காடைக்குச் செதில் கோலம் கிடையாது, ஆணின் வெளிர் வயிற்றில் கரும் திட்டுதான். நெற்றியும் உதவும்: கலிஃபோர்னிய ஆணுக்கு வெளிர் நிறம், காம்பெல் ஆணுக்குக் கறுப்பு. கொண்டை நீளமாக, நிமிர்ந்து நின்றால் அது மலைக்காடை.

பெண்ணுக்குக் கொண்டையே இல்லை என்பதும் சரியல்ல. சிறியது, பழுப்பு நிறம், அதனால் கண்ணில் படாமல் போகிறது. ஆணின் கறுப்புத் தொண்டையும் வெள்ளைக் கோடுகளும் பெண்ணுக்கு இல்லை என்பதால் வேறு பறவை என்று நினைப்பவர்களும் உண்டு.

தேடும் இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அடர்ந்த காட்டிலும் இது இருக்காது, வெட்டவெளிப் புல்வெளியிலும் இருக்காது. ஒளிய முட்புதர், பக்கத்திலேயே விதை பொறுக்கத் திறந்த மண், இரண்டும் வேண்டும். ஆகவே குன்றுகளின் அடிவாரப் புதர்க்காடு, ஓக் மரங்களின் ஓரம், ஓடைக்கரை என்று பாருங்கள். பறக்கும் என்று அண்ணாந்து நிற்பதும் வீண். சுமார் 25 செ.மீ. நீளமுள்ள இந்தக் குண்டுப் பறவை ஓடித்தான் தப்பிக்கும். மிக நெருங்கினால் மட்டுமே படபடவென்று எழும்பும். தரைப் பறவைதானே, தரையில்தான் தூங்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். இருட்டியதும் மரத்திலோ அடர்ந்த புதரிலோ ஏறிவிடும்.

நியூசிலாந்திலும் சிலியிலும் பார்த்துவிட்டு அந்த மண்ணுக்கே உரியது என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே மனிதர்கள் கொண்டுபோய் விட்டவை அவை. சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. 1931 முதல் கலிஃபோர்னியாவின் மாநிலப் பறவை. அப்புறம், பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடைக்கு இது நெருங்கிய உறவும் இல்லை. பெயர் ஒன்று, குடும்பம் வேறு.